நீட்டிய கை

...வேறெங்கும் பார்க்காதே, சிமிட்டினாலும் சட்டென்று சிமிட்டு, வாத்தின் தலை இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடாதே, அவ்வளவுதான் என் வேலை. படகை ஓட்டுவது லாரி ஓட்டிப் பழகிய லாரி அண்ணன், மதிப்பெண் போடுவது பயிற்சி அக்கா, தண்ணீரில் விழுந்து மயங்கியவனாகக் கிடப்பது வாத்து, நான் வெறும் கை. காலை வரை அவமானமாகத்தான் இருந்தது, மூன்று வாரம் மீட்புப் படகுப் பயிற்சியில் இன்ஜினைக் கழற்றி மாட்டி, முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் தோல் உரிந்து, கடைசித் தேர்வில் எனக்குக் கிடைத்தது இதுவா, படகின் முன்பக்கம் நின்று விழுந்த ஆளை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே இருப்பது! "இவளா? ரெண்டு நிமிஷத்துல ஏதாவது கொக்கப் பாத்துட்டு நிப்பா, நான் அடுத்த கரையில போய்ச் சேந்துருவேன்," என்று வாத்து சிரித்தான், ஏரிப் பூங்கா வாசல் கவுன்டரில் என்னோடு டிக்கெட் கிழிப்பவன், நடை அப்படி என்பதால் அந்தப் பேர். என் பேர் பம்பரம், ஏன் என்று சொல்லவே வேண்டாம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "படகு திரும்புறப்ப ஓட்டுறவருக்கு ஆள் தெரியாது. உன் கையைத்தான் பாப்பாரு. கண்ண எடுத்தன்னா ஆள் போயாச்சு. நீயும் நாளைக்கு டிக்கெட் கவுன்டருக்குப் போயிரலாம், அடுத்த வருஷம் வா." அடுத்த வருஷமா, அந்தச் சின்ன சன்னலுக்குள் இன்னும் ஒரு வருஷமா...

அவன் குதித்தவுடன் "ஆள் தண்ணியில!" என்று கத்தினேன், கை தானாக நீண்டது, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் தலை ஒரு பந்து அளவு, பிறகு எலுமிச்சை அளவு, இப்போது சட்டைப் பொத்தான், அதுவும் சாம்பல் துணியில் தைத்த சாம்பல் பொத்தான். அக்கா வேண்டுமென்றே பழைய நிறம் போன ஜாக்கெட்டைத்தான் அவனுக்கு மாட்டியிருந்தாள். கரையில் நின்று மூன்று வருஷம் இந்த ஏரியைப் பார்த்திருக்கிறேன், அழகு என்று போட்டோ எடுத்திருக்கிறேன், இது இவ்வளவு பெரியது என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை? ஒரு முழு மனுஷன், ஆறடி, இடைவெளி விடாமல் பேசுகிறவன், அவனை இந்தத் தண்ணீர் ஒரு பொத்தானாக்கி வைத்திருக்கிறது, கோபம் இல்லாமல், அவசரம் இல்லாமல்... படகு வட்டமடித்துத் திரும்புகிறது, நான் திரும்பக்கூடாது, அதாவது கால் திரும்ப வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், கை மட்டும் அங்கேயே நிற்க வேண்டும், மலை சுற்றுகிறது, கரை சுற்றுகிறது, படகுத் துறையின் நீலக் கூரை சுற்றுகிறது, பம்பரம் ஒன்றுதான் சுற்றவில்லை, அம்மா பார்த்தால் நம்பமாட்டாள். அம்மா அன்றைக்கும் அதைத்தானே சொன்னாள், பேருந்து நிலையத்தில், தங்கச்சியையே பாத்துட்டு இரு, டிக்கெட் வாங்கிட்டு வந்துர்றேன். எனக்கு ஒன்பது வயது. பலூன்காரன் ஊதிய பலூன் எப்போது வெடிக்கும் என்று பார்த்தேன், அவ்வளவுதான், அது வெடிக்கக்கூட இல்லை, திரும்பினால் அவள் இல்லை. நாற்பது நிமிடம் கழித்து வேறொரு பேருந்தில் சன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், ஜாலியாக. அவளுக்கு அது ஞாபகமே இல்லை, எனக்கு அந்தப் பலூனின் நிறம்கூட... பார், பார், தலை அங்கேதான், பொத்தான் அங்கேதான்.

தோள் எரிகிறது. படகு வட்டத்தை முடிக்கும்போது லாரி அண்ணன் கத்துகிறார், "தெரிஞ்சிருச்சு, வளையம் அந்தா இருக்கு, நேரா போறேன்!" குதித்தவுடன் நாங்கள் வீசிய மிதவை வளையம், பளீர் ஆரஞ்சு, யாருடைய கண்ணும் அதற்குத்தான் போகும், ஆனால் அது காற்றோடு ஓடிவிட்டது, வளையம் லேசு, மனுஷன் கனம், அவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான், வளையம் ஐம்பது அடி தள்ளி. "இல்லண்ணே! என் கையப் பாருங்க!" "அட, கண்ணுக்கு எதிர்லயே இருக்கும்மா!" "அது வளையம்ணே, ஆள் இல்ல!" அக்கா உதவிக்கு வரமாட்டாள், இது என் தேர்வு. அப்போதுதான் மேகம் விலகி வெயில் தண்ணீரில் விழ, ஏரி முழுவதும் கண்ணாடித் தூளாகி, பொத்தானைக் காணவில்லை. காணவில்லை. எங்கே, இங்கேதானே, இல்லை கொஞ்சம் இடப்பக்கமா, கையை நகர்த்தலாமா, நகர்த்தினால் எந்தப் பக்கம்... நகர்த்தவில்லை. ஒன்றுமே இல்லாத தண்ணீரை நோக்கி, அங்கே ஆள் இருக்கிறான் என்கிற மாதிரி, விரலை அசைக்காமல் நின்றேன், லாரி அண்ணன் என் விரலை ஒரு தரம் பார்த்தார், வளையத்தை ஒரு தரம் பார்த்தார், பிறகு கைப்பிடியைத் திருப்பினார். அந்த முழுப் படகும், இன்ஜினும், மூன்று பேரும், என் ஒரு விரல் போன பக்கம் போனோம். இதைப் போய் அவமானம் என்று நினைத்தேனே.

தலை இருந்தது. காற்றுக்கு எதிர்முகமாக மெல்லச் சேர்ந்து, இன்ஜினை நிறுத்தி, பின்பக்கமாக இழுத்து ஏற்றினோம், பக்கவாட்டில் இழுத்தால் படகே கவிழும். வாத்து பல் கிடுகிடுக்க, "படகே தெரியலடி, அலை மறைச்சுருச்சு, உன் கை மட்டும்தான் தெரிஞ்சுது," என்றான், அவன் என்னைக் கிண்டல் செய்யாமல் பேசிய முதல் வாக்கியம். லாரி அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், "என் கண்ண நம்பிப் போயிருந்தா நேரா வளையத்தத்தான் காப்பாத்தியிருப்பேன்." அக்கா என் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டாள், தேர்ச்சி. வெயில் அடித்த அந்தப் பத்து விநாடியைப் பற்றி நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "அடுத்தது மாத்திக்குங்க. வாத்து கை, பம்பரம் தண்ணி."

தண்ணீர் காதுக்குள் குளிர்ந்து நிற்கிறது, மயங்கியவளாகக் கிடக்கிறேன், அசையக்கூடாது, கத்தக்கூடாது. படகு போய்விட்டது, அலை இறங்கும்போது கரை இல்லை, மலை இல்லை, வானம் மட்டும், அதுவும் கொஞ்சம்தான், ஏறும்போது எவ்வளவு வானம். இதோ ஏறுகிறேன்... தெரிகிறது, தூரத்தில், ஒரு கை, நீட்டியபடி, அசையவே இல்லை, சரியாக என் பக்கம். அசையாமல் இருக்கிறது, என் கை அசையாமல் இருந்ததே அதே மாதிரி. வெயில் தண்ணீரெல்லாம் மினுங்குகிறது. அவன் என்னைப் பார்க்கிறானா, இல்லை நான் இருந்த இடத்தையா...