ஒரு சொட்டு சைக்ளோஹெக்சேன்

திருட்டு நடக்கிறது என்பதில் ஆரோக்கிய ஜெகனுக்குச் சந்தேகமே இல்லை. பாட்டிலில் கோடு போட்டு வைத்த இடத்திலிருந்து ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

சும்மா பாட்டிலா அது? டியூட்டிரேட்டட் குளோரோஃபார்ம். நாம் செய்த பொருளைச் சாதாரண குளோரோஃபார்மில் கரைத்து, ஹைட்ரஜன் போடும் சத்தத்தைக் கேட்டுப் படம் வரையும் என்.எம்.ஆர். மெஷினுக்குள் விட்டால், குளோரோஃபார்மின் ஹைட்ரஜனே பெருங்கூச்சல் போட்டு நம் பொருளின் குரலைக் கேட்கவிடாது. அதனால் அந்த ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, கனமான இன்னொரு ஹைட்ரஜனை அங்கே உட்கார்த்தி வைப்பார்கள். அது வாயே திறக்காது. வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு யானை விலை! 2009-இல் சிதம்பரத்து லேபில் அதற்கு எழுதிப் போட்டுவிட்டு மாசக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

அதனால்தான் கடலூரிலிருந்து தினம் பஸ் பிடித்து வரும் ஜெகன், பாட்டிலை டிராயரில் பூட்டிச் சாவியைத் தராசுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். முதல் சந்தேகம் கூட ஆராய்ச்சி செய்யும் சபாபதி மேல்.

"மச்சான், என் பாட்டில தொட்டியா?"

"அம்மா சத்தியமா இல்ல மச்சான். என் பொருளு அதுல கரையவே கரையாது."

கோபம் வந்தால் ஜெகனுக்கு மூளை படுவேகமாக வேலை செய்யும், அதுதான் ஆபத்து. பாட்டிலுக்குள், ஹைட்ரஜன் நிறைந்த சைக்ளோஹெக்சேன் ஒரே ஒரு சொட்டு விட்டான். இனி அதிலிருந்து எடுக்கிறவன் எவனானாலும், மெஷின் வரைந்து தரும் அவன் ஸ்பெக்ட்ரத்தில் ஒன்று புள்ளி நாலு என்ற இடத்தில் ஒரு பீக் கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். அன்றைக்குப் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனான்.

அந்த வாரமே, அடுத்த மேஜை இசைவாணி கண் சிவக்க வந்து நின்றாள். காட்டுமன்னார்கோயில்காரி, லேசில் அழுகிறவள் இல்லை. ஒரு கையில் ஸ்பெக்ட்ரம், மறு கையில் குடுவை.

"போச்சு ஜெகா. ஒரு வருஷமா செஞ்சது. எங்கேந்தோ ஒரு சனியன் வந்து ஒட்டிக்கிச்சி பாரு, ஒண்ணு புள்ளி நாலுல. நல்லா காய வச்சி திரும்பக் கரச்சிப் போட்டேன், திரும்பவும் வருது! மனசே உட்டுப்போச்சு. கொட்டிட்டு மொதல்லேந்து ஆரம்பிக்கப் போறேன்."

ஆக, இரண்டு தடவை எடுத்திருக்கிறாள்! திருடி அகப்பட்டுவிட்டாள், ஆனால் ஜெகனுக்குச் சந்தோஷம் வரவில்லை. சொன்னால், கூட வேலை செய்கிறவர்களுக்கே பொறி வைத்தவன் என்ற பேர். சொல்லாவிட்டால் ஒரு வருஷ உழைப்பு கழிவு கேனுக்குள் போய்விடும். இசைவாணி கேன் மூடியைத் திறந்து குடுவையைச் சாய்த்தாள்.

"ஐயோ, ஊத்தாத! ஒன் பொருளு சுத்தமாத்தான் இருக்கு! அந்த பீக்கு நான் பாட்டில்ல போட்டது!"

அவள் அவனையே பார்த்தாள். முகம் சிவந்து, உதடு துடித்து, கடைசியில் குபீரென்று சிரித்துவிட்டாள்.

"அடப்பாவி! ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு."

"ஒங்கிட்டதான் சீல் பிரிக்காத குளோரோஃபார்ம் ஆம்ப்யூல் இருக்கே. என்னுத ஏன் எடுத்த?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஒடைக்க மனசு வரல." மடிப்புக் கலையாத பட்டுப்புடவை மாதிரி அந்தக் கண்ணாடிக் குப்பியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சொல்லி முடித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, நாளைக்கு ஒனக்கு மெஷின் இருக்குல்ல? ஒன் பொருளோட மெத்தில் பீக்கு எங்க வரும்?"

ஜெகனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்று புள்ளி நாலு! சைக்ளோஹெக்சேன் வந்து குந்திய அதே இடம். இருந்த ஒரே பாட்டிலைத் தன் கையாலேயே கெடுத்து வைத்திருக்கிறான். நாளை விட்டால் மெஷினை ரிப்பேருக்குப் பிரித்துவிடுவார்கள்.

இசைவாணி தன் மேஜைக்குப் போனாள். பெட்டியைத் திறந்தாள். ஆம்ப்யூலின் கழுத்து டக்கென்று உடைந்தது. புத்தம்புது டியூப்கள் இரண்டை எடுத்து, கண்ணருகே வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிபாதியாக விட்டாள்.

ஜெகன் ஒரு டியூபை வாங்கிக்கொண்டான். "இசை… நான் ஒன்னப் போயி…"

"பேசாம டியூப்ப நேராப் புடி. சிந்துச்சின்னா கொன்னுடுவேன்."

மூடியைப் பத்திரமாக அழுத்திவிட்டு, ஜெகன் நேரே தராசிடம் போனான். அடியிலிருந்த சாவியை எடுத்து வந்து அவள் முன் நீட்டினான். "இனிமே இது ஒங்கிட்டயே இருக்கட்டும்."

"அங்கயே வச்சிடு ஜெகா," என்றாள் அவள். "எடம் மாத்துனா பாவம், லேப்ல எல்லாரும் தேடுவாங்க."