எட்டாத மூலை

ஏணியை ஒரு முழம் நகர்த்தியிருந்தால் போதும். ஆனால் இறங்கி, நகர்த்தி, மறுபடி ஏறப் பெயிண்டருக்குச் சோம்பல். கூரை மூலையில் உள்ளங்கையளவு இடம்தானே பாக்கி என்று பக்கவாட்டில் எட்டினார். ஏணிக்கு அதில் உடன்பாடில்லை, சரிந்தது. வலது கையால் பரண் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். தோளுக்குள் துணி கிழிவதுபோல் ஏதோ கேட்டது. வாளி மட்டும் கீழே நின்ற மைத்துனன் தலையில் கவிழ்ந்தது.

"மாமா, நான் சுவரு இல்ல!" என்றான் முழு வெள்ளையாக.

மூன்று வாரம் வலியை ரகசியமாக வைத்திருந்தார். காட்டிக்கொடுத்தது வகிடு.

"என்னங்க, வகிடு பக்கம் மாறிடுச்சு?" என்றாள் மனைவி. "இடது கையால வாருறீங்களா?"

அன்றே டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் கையை முன்னால் நீட்டி, டப்பாவைக் கவிழ்ப்பதுபோல் கட்டைவிரலைக் கீழே திருப்பச் சொன்னார். பிறகு மேலிருந்து அழுத்தினார். பெயிண்டர் வீராப்பாகத் தோளைக் காதுவரை தூக்கிச் சமாளித்தார்.

"காது எதுக்கு உதவிக்கு வருது?" என்றார் டாக்டர். ஸ்கேன் பார்த்தபின், "தோளைச் சுத்தி நாலு தசைநார். மேல இருக்கிறது பாதி கிழிஞ்சிருக்கு. முழுசா அறுந்திருந்தா ஆபரேஷன். இதுக்கு முதல்ல பயிற்சி பண்ணுங்க."

"திரும்பக் கூரை அடிப்பேனா டாக்டர்?"

"பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து அதையே கேட்டபோது மனைவி, "அதெல்லாம் அடிப்பீங்க" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. மைத்துனன், "சுவரு அடிச்சாப் போதாதா மாமா?" என்றான். இருபது வருடம் அண்ணாந்து பார்த்தே பிழைத்தவருக்கு அது போதவில்லை.

பயிற்சி தரும் பெண் கதவுப் பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கச் சொன்னாள். சுவரில் விரல்களை எறும்புபோல் ஏற்றச் சொன்னாள். எட்டிய உயரத்தை வாராவாரம் தன் வீட்டுச் சுவரிலேயே பென்சிலால் கோடிட்டார். வேறு யாராவது அப்படிக் கிறுக்கியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

பத்தாவது வாரம் அவள் அறையில் விரல்கள் கதவு நிலையைத் தாண்டின.

"குதிகாலைக் கீழ வைங்க" என்றாள் அவள்.

வைத்தார். விரல்கள் அரை அங்குலம் இறங்கின. ஆனாலும் நிலைக்கு மேலேதான். வலியும் இல்லை.

"அம்மா, ஒண்ணு கேட்கிறேன். கூரை அடிக்க முடியுமா, முடியாதா? பார்ப்போம்னு மட்டும் சொல்லாதீங்க."

அவள் ரப்பர் பட்டையை அவிழ்த்துவிட்டு நேராகப் பார்த்தாள்.

"முடியும். இன்னும் ரெண்டு மாசம். ஆனா ஒவ்வொரு முழத்துக்கும் இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறணும். அதுக்குச் சோம்பல்னா, முடியாது."