வேலை செய்த மருந்து

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த என் அண்ணி, குழாயை மூடாமலே சொன்னார்: "மருந்து ஜெயிச்சிடுச்சுப்பா. அதனால மூடிட்டாங்க."

வாய் தவறிவிட்டது என்று நினைத்து, "தோத்ததாலயா?" என்று திருத்தினேன். அண்ணி திருத்தத்தை ஏற்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் எழுந்து போய் மூடினேன்.

அன்றிலிருந்து முதல் வரியோடு மல்லுக்கட்டுகிறேன். 'கூட்ட அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது அவளுக்குத் தெரியாது' — இல்லை, அண்ணியை 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை. 'ஒரு ஊரில் ஒரு வெள்ளெலி இருந்தது' — குழந்தைக் கதை போலிருக்கிறது. ஆனால் வெள்ளெலியில்தான் தொடங்கியாக வேண்டும்.

2

அண்ணி ஒரு மருந்து நிறுவனத்தில் செல் வளர்ப்பவர். நம் உடம்பில் நோயோடு மோத ஆன்டிபாடிகள் என்னும் காவல் புரதங்கள் எத்தனையோ வகையாக ஓடுகின்றன. அவற்றில் வேண்டிய ஒன்றை மட்டும் பொறுக்கி, அதைச் செய்யும் மரபணுக் குறிப்பை வெள்ளெலியின் சினைப்பைச் செல்லுக்குள் நுழைத்து, அந்த ஒற்றைச் செல்லை எஃகுத் தொட்டியில் கோடி கோடியாகப் பெருக்கி, அவை கக்குவதை வடித்தால் மருந்து. (இதைப் படித்த அண்ணி, "கக்குவதுன்னு எழுதாதே, பாவம் அதுங்க" என்றார். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.)

அவர் வளர்த்தது தசைகள் தளர்ந்துபோகும் ஒரு நோய்க்கான ஆன்டிபாடி. அந்த நோயில் உடம்பின் காவலே தன் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் நின்று வழிமறிக்கும். இமை தானாக இறங்கும். மெல்லத் தொடங்கிய வாய் பாதியில் நிற்கும். தூக்கிய கை நிற்காது. அண்ணி வருடக்கணக்காக அந்தச் செல்களோடு குடித்தனம் நடத்தினார். அண்ணன் தினமும், "உன் பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?" என்று கிண்டல் செய்வான்.

3

இனி இன்னொருவர் வர வேண்டும். பரிசோதனையில் இந்த மருந்தைப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர். அழகு நிலையம் வைத்திருந்து, நோய் வந்ததும் அதை மூடியவர். நிறுவனத்தில் எல்லோருக்கும் அவர் பார்லர் அக்கா.

ஆண்டு விழாவில் பேச அழைத்தார்கள். "பேச்செல்லாம் வராதுங்க. வேலை செஞ்சு காட்டறேன். யாராவது தலையைக் குடுங்க" என்று கத்தரியோடு மேடையேறினார். தலைவர்களுக்குப் பஞ்சமில்லாத இடம். விற்பனைத் தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அரங்கமே சிரித்தது.

"முடியை யாரு பார்த்தா?" என்றார் அண்ணி. "நான் அந்த அம்மாவோட முழங்கையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். எப்ப கீழ இறங்குமோன்னு. கடைசி வரைக்கும் இறங்கவே இல்ல."

பின்வரிசையில் நின்றபடி, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணி அழுதிருக்கிறார்.

4

அந்த வாரமே கூட்டம். விற்பனைத் தலைவர் சொன்னார்: "ரிசல்ட் நாம நினைச்சதைவிட நல்லா வந்திருக்கு. பிரச்சினையே அதுதான்."

அண்ணி அதை ஒரு வகைப் பாராட்டு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார்.

இவர்கள் நிறுவனத்தைச் சமீபத்தில் ஒரு பெரிய நிறுவனம் வாங்கியிருந்தது; விற்பனைத் தலைவர் அங்கிருந்து வந்தவர். அவர்களிடமும் இதே நோய்க்கு ஓர் ஆன்டிபாடி இருந்தது. அடிக்கடி மருத்துவமனையில் படுத்து நரம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டியது, சுமாராகக் கேட்கும், பிரமாதமாக விற்கும். அதன் காப்புரிமை முடிய இன்னும் காலம் கிடந்தது. அண்ணியின் மருந்தோ எப்போதாவது போடும் ஒரு ஊசி.

"நம்ம கடைக்கு எதிர்லயே நாமளே கடை போட முடியுமா? அதனால இதை மூடிடறோம்" என்றார் அவர்.

"அப்ப வேற யாருக்காவது குடுத்துடலாமே சார்?"

"குடுத்தா அவங்க எதிர்ல கடை போடுவாங்க."

"அப்படின்னா நீங்க எங்களை வாங்கினதே —"

இந்த வாக்கியத்தை அண்ணி அங்கே முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

"அதுக்கப்புறம் அவர் பேசினது எதுவும் காதுல ஏறலை. காதுக்கு மேல அந்த அம்மா எவ்வளவு நேர்த்தியா வெட்டியிருந்தாங்க தெரியுமா? அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

(அந்த முடிவெட்டைக் கதையிலிருந்து தூக்கிவிட நினைத்தேன். வேண்டுமென்றே வைத்தது போல் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் அந்தத் தலை அந்த அறையில் இருந்தது. நான் என்ன செய்ய?)

5

விற்பனைத் தலைவரைக் கெட்டவராக்கி ஒரு வடிவம் எழுதினேன். தடித்த மோதிரம், இளக்காரச் சிரிப்பு. அண்ணி அதை ஓரமாக வைத்தார். "அவர் நல்ல மனுஷன்ப்பா. கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வந்து சாரின்னார். கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு அதுதான் பயமா போச்சு."

அண்ணி ஒரு குப்பிச் செல்லைக் கைப்பைக்குள் — என்று இன்னொரு வடிவம். அதற்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "கொண்டுவந்து? அண்டாவுலயா வளர்க்கப் போறேன்? தொட்டி வேணும், வடிக்கணும், சுத்தம் பண்ணணும், ஒரு தொழிற்சாலையே வேணும். வீட்டுல அது வெறும் கலங்கல் தண்ணி."

ஆக, திருட்டு இல்லை. நடந்ததையே சொல்கிறேன்.

6

பார்லர் அக்கா நிறுவன வாசலுக்கு வந்து நின்றார். பரிசோதனை நிறுத்தப்பட்டது, இனி ஊசி கிடையாது என்று மருத்துவமனையிலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. அதற்குள் ஓர் இமை பாதி இறங்கியிருந்தது. வெளியே வந்த அண்ணியை, விழாவில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், எனக்கு மருந்து கேக்கலையா? நான் எதையாவது மாத்திச் சாப்பிட்டு உங்க ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேனா? என்னால மத்தவங்களுக்கும் நின்னுடுச்சா?"

உள்ளே நடப்பதை வெளியே பேச மாட்டேன் என்று அண்ணி கையெழுத்துப் போட்டிருந்தார். காவலாளி பக்கத்திலேயே நின்றார்.

"நீங்க எதையும் கெடுக்கலை. மருந்து வேலை செஞ்சது. கிட்டத்தட்ட எல்லாருக்கும் செஞ்சது. அதனாலதான் நிறுத்திட்டாங்க."

பார்லர் அக்கா, மேடம் ஏதோ விளையாடுகிறார் என்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. தசை தளர்ந்து நின்றதா, விஷயம் புரிந்து நின்றதா என்று அண்ணிக்குத் தெரியவில்லை.

7

பிறகு நடந்தவை சீக்கிரம் சொல்லக்கூடியவை. பார்லர் அக்கா மற்ற நோயாளிகளிடம் சொன்னார். பத்திரிகைகளில் வந்தது. 'வணிகக் காரணங்கள்' என்ற இரண்டு சொற்களோடு நிறுவனம் வாயை மூடிக்கொண்டது. அண்ணிக்கு வேலை போயிற்று. பார்லர் அக்கா பழைய மருந்துக்கே திரும்பினார். கடையைத் திறக்கும் அளவுக்கு அதில் கை எழவில்லை.

போன வாரம் அண்ணியைத் தேடி வீட்டுக்கே வந்தார். நானும் இருந்தேன்.

"அந்த செல்லையெல்லாம் கொன்னுட்டாங்களா மேடம்?"

"இல்ல. உறைய வச்சிருக்காங்க. அவங்க சொத்தாச்சே."

"உயிரோடதான் இருக்கா?"

"இருக்கு. எடுத்து வெதுவெதுப்பா வச்சா வளர ஆரம்பிச்சிடும்."

"அப்புறம் என்ன மேடம்?"

இந்த இடத்தில் அண்ணியின் பதில் வர வேண்டும். அவருக்காக நான் எழுதிப் பார்த்தேன். 'சட்டப்படி அவர்களுக்கு' — அடித்துவிட்டேன். 'என்றாவது ஒருநாள்' — அதையும் அடித்தேன். 'எங்கள் கையில் என்ன' என்று தொடங்கியதை அடிக்கக்கூட மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

பார்லர் அக்கா போகவில்லை. இறங்கும் இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தபடி, அண்ணியை விட்டு, என்னை விட்டு, இப்போது உங்களைப் பார்க்கிறார். அதிக நேரம் அப்படிப் பிடித்திருக்க அவரால் முடியாது.

சொல்லுங்கள்.