இரண்டாவது வளைவு

எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. சக்களத்தி எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். சிவப்பு நிறம், பளபளக்கிற உடம்பு, பெயர் போலோ. என் வீட்டுக்காரர் அசீம் வாரம் தவறாமல் அவளைத் தன் கையாலேயே குளிப்பாட்டுவார். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றால் ஏறெடுத்துப் பார்த்ததாக நினைவில்லை. ஆசையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். டயர் காற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் அரை மணி நேரம் பேசுவார்.

அவருடைய கூட்டாளி தங்கப்பாண்டி அண்ணனிடம் நீல நிற ஐ20 கார் இருக்கிறது. இரண்டுமே முன்சக்கரம் இழுக்கிற, சின்ன உடம்பும் பெரிய வேகமும் உள்ள வண்டிகள். எது வேகம் என்பதுதான் இருவருக்கும் தீராத வழக்கு. சமயநல்லூர் தாண்டி அண்ணனின் மச்சான் பிளாட் போட்டிருக்கிறார். தார் ரோடு போட்டாகிவிட்டது, வீடு ஒன்றுகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டைப் பூட்டிவிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் சுற்றுவார்கள். நாலு வளைவு, ஒரு கிலோமீட்டர் சொச்சம். எந்த வளைவில் எவ்வளவு நேரம் ஆனது என்று வண்டிக்குள் இருக்கும் போன் காட்டிவிடும். ஆனால் ஒருவர் போனை மற்றவர் நம்பமாட்டார். அதனால் விளாங்குடி வீட்டிலிருந்து என்னையும் கூட்டிப்போய், இரண்டாவது வளைவில் வேப்பமரத்தடியில் ஸ்டாப்வாட்ச்சோடு நிறுத்திவிடுவார்கள். நான் எந்த வண்டிக்கும் ஆள் இல்லை என்று இருவருக்கும் நம்பிக்கை. உண்மையில் போலோ தோற்க வேண்டும் என்று மனசுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

துஆ பலித்தது. ஐந்து வாரமாக ஐ20 ஐம்பத்தொரு விநாடியில் வந்தால் போலோ ஐம்பத்திரண்டு. மூன்று வளைவுகளில் சரிக்குச் சரி. இரண்டாவதில் மட்டும் ஒரு விநாடி போய்விடும். முன் டயர் வழுக்குகிறது என்று டயரை மாற்றினார், காற்றைக் குறைத்தார், பின்சீட்டைக்கூடக் கழற்றி வீட்டில் வைத்தார். அதில் உட்கார்ந்துதான் நான் வெங்காயம் உரித்தேன். போன ஞாயிறு அண்ணனே போலோவை ஓட்டிப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. பிறகு இவர் ஐ20-ஐ ஓட்டினார். அதிலும் அதே இடத்தில் ஒரு விநாடி போனது.

இவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வண்டில கோளாறு இல்ல மாப்ள. எனக்குத்தான் பயம் வந்துருச்சு. கடைசியா ஓட்டிப் பாக்குறேன். சரி வரலன்னா வித்துர்றேன். பயந்தவனுக்கு எதுக்கு இந்த வண்டி" என்றார். இந்த மாடல் இப்போது புதிதாக வருவதில்லை, விற்றால் விற்றதுதான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்ததும், கேட்ட துஆவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அதற்குள் வெயில் ஏறி, வேப்பமர நிழல் என்னை விட்டு விலகிவிட்டது. நாலாவது வளைவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குப் போய் நின்றேன். இவர் போலோவில் ஒரு சுற்று வந்தார். அண்ணன் போனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். இரண்டாவது வளைவில் ஐ20-ஐ விடக் குறைந்த நேரம்; நாலாவதில் ஒரு விநாடி அதிகம். நோவு இடம் மாறிவிட்டது என்றார்.

எனக்கு மட்டும் புரிந்தது. இடம் மாறியது நான்தான். நான் நிற்கிற இடம் வந்ததும் இந்த மனுஷனின் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. அது அவருக்கே தெரியாது. நான் காதால் கேட்கக் காத்திருந்ததை அந்தக் கால் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் அதை விநாடிக் கணக்கில் குறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

எனக்காக இன்னும் ஒரே ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். அவர் கிளம்பியதும் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் கண்ணில் படாவிட்டால் ஜெயித்துவிடுவார், வண்டியும் தப்பித்துவிடும். உலகத்திலேயே சக்களத்திக்காக ஒளிந்து நின்ற முதல் பொண்டாட்டி நானாகத்தான் இருப்பேன். சத்தத்தை வைத்தே மூன்று வளைவுகளை எண்ணினேன். நாலாவதில் டயர் கிறீச்சிட்டு வண்டி நின்றது. கதவு திறந்தது. "சனோபர், சனோபர்" என்று கூப்பிட்டுக்கொண்டே ஹெல்மெட்டோடு ஓடிவந்தார்.

"எங்க போன நீ? ஆளக் காணோம்னதும், பாம்பு கீம்பு கடிச்சு விழுந்துட்டியோன்னு நெனச்சேன்" என்றார். குனிந்து என் காலைப் பார்த்தார். மூன்று வளைவு வரைக்கும் அவர் அரை விநாடி முந்தியிருந்ததைப் பிறகு போன் காட்டியது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வண்டிய விக்க வேணாங்க. உங்களுக்குப் பயமெல்லாம் வரல. நான் எங்க நிக்கிறேனோ அங்க மட்டுந்தான் மெதுவா வாரீங்க. வேணும்னா போனைப் பாருங்க" என்றேன். அவர் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். காது சிவந்திருந்தது.

வண்டி நின்றதும் ஓடிவந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், அப்படியென்றால் அடுத்த வாரம் தங்கச்சியை வீட்டிலேயே விட்டுவிட்டு வா, ஒழுங்காக ஒரு முடிவு பார்த்துவிடலாம் என்றார்.

"அவ இல்லாம நான் வரல மாப்ள" என்றார் இவர். "நீயே ஜெயிச்சுக்க."