அப்பா வழிச் சோதனை

பல் கட்டும் லேபில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பொய்ப்பல் செட்டுக்கு மெழுகில் ஈறு வைத்து, பல் பல்லாக நட்டு, வெந்நீரில் உருக்கி எடுத்தே தலை நரைத்தவள். ஊரில் எத்தனையோ பேர் அவள் கட்டிய பல்லால்தான் சிரிக்கிறார்கள். அதில் ஒருவருக்குக்கூட அவள் முகம் தெரியாது. பல் மருத்துவரிடம் போகிறவர்கள், பல் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதில்லை.

அப்பா முதலில் போனார். பிறகு அம்மா. மாடி வீட்டில் அவள் மட்டும் மிஞ்சினாள். கல்யாணம் என்ற பேச்சு அம்மாவின் மருந்துக்கும் மாத்திரைக்கும் நடுவில் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஓர் அண்ணன் உண்டு, தூரத்தில். அம்மாவின் சாவுக்குக் காலையில் வந்தவன் சாயங்காலமே பெட்டியைத் தூக்கினான். "விருந்தாளியாட்டம் வந்துட்டுப் போற" என்று அவள் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு அறுந்தது.

கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதென்று ஒருநாள் கண் டாக்டரிடம் போனாள். "அம்மா வழியில யாருக்காவது கண்ணழுத்தம் உண்டா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். "அப்பா வழியில?"

"அப்பாவுக்கு வழியே இல்ல டாக்டர்."

டாக்டர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அது நிஜம். யாராவது சொந்தபந்தம் பற்றிக் கேட்டால் அப்பா, "எனக்கு யாரும் இல்ல, நீங்கதான்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சின்ன வயதில் அது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது 'நீங்க' என்பதில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

எச்சிலை அனுப்பினால் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துத் தருகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் கம்பெனிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். இரண்டில் வெறும் பாட்டு ஓடியது. மூன்றாவதில் ஒரு ஆண் குரல் எடுத்தது.

"மூணு விதம் இருக்குக்கா," என்றான் அவன். "அப்பா, அவரோட அப்பா, அவரோட அப்பான்னு ஆம்பளை வழியா மட்டும் ஏறிப் போறது ஒண்ணு. அம்மா, அம்மாவோட அம்மான்னு போறது இன்னொண்ணு. மூணாவது பொதுச் சோதனை. ரெண்டு பக்கமும் பாக்கும், ஆனா அஞ்சாறு தலைமுறைக்கு மேல மங்கிரும்."

"எனக்கு அப்பா வழிதான் வேணும்."

"அது உங்களால குடுக்க முடியாதுக்கா. ஆம்பளைங்க உடம்புலதான் அந்த மரபணுத் துண்டு இருக்கும். கூடப் பொறந்த ஆம்பளை யாராவது இருக்காங்களா?"

"இல்ல," என்றாள். வாய் அப்படித்தான் சொன்னது.

அன்று முழுக்க அந்த 'இல்ல' அவளைப் பிடுங்கித் தின்றது. மறுநாள் மறுபடியும் கூப்பிட்டாள். "நேத்து தப்பாச் சொல்லிட்டேன் தம்பி. எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்."

"ஒரே ராத்திரியில பொறந்துட்டாராக்கா? அதுவும் அண்ணனா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேஜையில் பீங்கான் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு சும்மா ஒரு சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டு அவள் அடிக்கடி கூப்பிட்டாள். துப்புவதா, பஞ்சுக்குச்சியா? முடிவு வர எத்தனை நாள்? சந்தேகங்கள் தீர்ந்துபோனதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. கடைசியாகப் பேசியபோது அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பொதுச் சோதனை எடுக்கிறதா இருந்தா பெரிய கம்பெனியாப் பாருங்கக்கா. நிறையப் பேரு எச்சில் குடுத்திருக்கணும். ஆளே இல்லாத எடத்துல தேடி என்ன பண்றது? எங்களது சின்னது. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"நான்தான்," என்றாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கு உன் எச்சில் கொஞ்சம் வேணும்."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறதென்று தெரிந்தது. திக்கித் திணறி விளக்கினாள். ஆண் வழி, பஞ்சுக்குச்சி, கன்னத்தின் உள்பக்கம், அப்பாவின் ஆட்கள்.

"அது வேணாம்," என்றான் அண்ணன்.

"இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல. அப்பாவுக்கு ஆளுங்க இருந்தாங்க."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ அப்ப கைக்குழந்த. ஒருத்தர் நம்ம வீட்டுக்கு வந்தார். அச்சு அசல் அப்பா. கொஞ்சம் நரை, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா கதவப் பாதி தொறந்தார். அவர் அப்பாவப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழ ஆரம்பிச்சிட்டார். அப்பா, 'வீடு மாறி வந்துட்டீங்க'ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டார். நான் வெளிப்படிக்கட்டுல உக்காந்து பாத்துட்டிருந்தேன். அவர் என்னத் தாண்டித்தான் எறங்கிப் போனார்."

"இத்தன வருஷம் என்கிட்டச் சொல்லலியே?"

"யார்கிட்டயும் சொல்லாதன்னு அப்பா கேட்டுக்கிட்டார். மிரட்டியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். கெஞ்சுனார். அதான் வாயே வரல."

பிறகு அவன் கேட்டான்: "அவரே வேணாம்னு சாத்துன கதவு. நீ எதுக்குத் தொறக்கிற?"

"அவருக்கு நாம இருந்தோம், சாத்திக்கிட்டார். எனக்கு யாரு இருக்கா?"

அண்ணன் போனை வைக்கவில்லை.

அப்பாவின் கூடப் பிறந்தவரே வந்து போயிருக்கிறார் என்றால், எங்கோ ஆதிகாலத்துக்குப் போகும் ஆண் வழி எதற்கு? அவ்வளவு நெருங்கிய சொந்தத்துக்குப் பொதுச் சோதனையே போதும். அதற்கு அவள் எச்சிலே போதும். அண்ணனிடம் அதைச் சொன்னபோது, "சரி, உன் இஷ்டம்" என்றான். ஆனால் அது வேண்டாம் என்கிற குரல் இல்லை. பெரிய கம்பெனியாகப் பார்த்துப் பணம் கட்டினாள். அரை மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருந்து குப்பியில் துப்பினாள். நாளெல்லாம் அடுத்தவர் வாயின் அச்சோடு மாரடிக்கிறவளுக்குத் தன் வாயிலிருந்து ஒரு குப்பி எச்சில் எடுப்பது என்னவோ வெட்கமாக இருந்தது.

வாரங்கள் போயின. பட்டியல் வந்தபோது அதில் நூற்றுக்கணக்கான தூரத்துப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒருவர் மட்டும் மிக நெருக்கத்தில் இருந்தார். உறவு என்ன என்ற இடத்தில் தாத்தாவாக இருக்கலாம், மாமாவாகவோ பெரியப்பாவாகவோ இருக்கலாம் என்று போட்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கு மாமாவும் பெரியப்பாவும் ஒன்றுதான். அவளுக்கு அப்படியா? அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண் கிடையாது. தாத்தாக்கள் இருவரும் இத்தனை காலம் உயிரோடு இருக்க வழியில்லை. படத்தில் ஒரு கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்வரிசையில் முன்பல் மீது அதற்கு அடுத்த பல் லேசாக ஏறியிருந்தது. கண்ணாடியில் தினமும் அவள் பார்க்கிற பல்.

செய்தி அனுப்பினாள். மறுநாளே ஒரு பெண் கூப்பிட்டாள். கணீரென்ற குரல். பேருந்து ஓட்டுகிறாளாம். "நான் உனக்கு அக்கா முறை," என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். "அப்பா எச்சில வாங்கி அவர் பேருல அனுப்புனது நான்தான். அவரோட தம்பியத் தேடித்தான் குடுத்தோம்." சித்தப்பா இறந்துவிட்டார் என்று கேட்டதும் கணீர்க் குரல் இறங்கியது. பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேக்கணும். ரொம்ப வருஷம் முன்னாடி, உங்க ஊர்ல தம்பியப் பாத்ததா யாரோ சொல்லி அப்பா தேடி வந்தாராம். ஒருத்தர், 'வீடு மாறி வந்துட்டீங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். அது வேற ஆளுதான்னு அப்பா நம்பிட்டிருக்கார். அவன்தானோன்னு அப்பப்ப ஒரு சந்தேகமும் வரும். வந்தா ரெண்டு நாள் சாப்பிட மாட்டார். உன்கிட்டக் கேப்பார். உண்மை என்னன்னு எனக்குத் தெரியாது, எனக்குச் சொல்லவும் வேணாம். ஆனா அவர்கிட்ட, அது உங்க அப்பா இல்லன்னே சொல்லிரு. என் கண்ணுல்ல."

சரி என்றோ முடியாது என்றோ அவள் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"அம்மாடி," என்றது கிழக்குரல். அப்பா காய்ச்சலில் கிடக்கும்போது வரும் குரல் அது.

அவர், தம்பி எப்படிப் போனான், வலி இருந்ததா, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று விசாரித்தார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவர் கேட்டார்.

"உங்க வீடு, வெளிப்பக்கமா மாடிப்படி இருந்த வீடா? படியில ஒரு பையன் உக்காந்திருந்தான்."

அவள் அந்த வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அந்தப் படிக்கட்டின் கைப்பிடி தெரிந்தது.

ஏன் என்று கேட்கத்தான் அவள் இத்தனையும் செய்தாள். உங்களுக்குள் என்ன நடந்தது, அப்பா ஏன் அப்படிச் செய்தார்? அதைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் போனில் காத்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொன்னால் கேட்டுவிடலாம்.

"இல்ல பெரியப்பா," என்றாள். "நாங்க அப்ப வேற எடத்துல இருந்தோம். நீங்க நெசமாவே வீடு மாறித்தான் போயிருக்கீங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்புறம் சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. "அதான் பாத்தேன். என் தம்பி என்னப் பாத்து அப்படிச் சொல்லுவானா? முட்டாப்பய நான், அடுத்த தெருவுலயும் தேடியிருக்கணும்." பக்கத்தில் இருந்த மகளிடமும் அதைச் சத்தமாகச் சொன்னார்: "வீடுதான் மாறிப்போச்சாம்!"

மாதம் ஒருமுறை அவள் ரயிலேறிப் போய்ப் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறாள். போகும்போதெல்லாம் அவர், "அடுத்த தரம் நான் வர்றேன். என் தம்பி இருந்த வீட்ட நான் பாக்க வேணாமா?" என்கிறார். "உங்க முட்டிக்கு எங்க படி ஆகாது பெரியப்பா," என்று அவள் சொல்லிவிடுகிறாள். படி உள்பக்கமா வெளிப்பக்கமா என்று அவர் இதுவரை கேட்கவில்லை. அப்பா சிறுவனாக இருந்தபோது நாய்க்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்ததை, தூக்கத்தில் கணக்குச் சொன்னதை எல்லாம் அவர் சொல்வார். கதை ஒரு வயதுக்கு வந்ததும் நின்றுவிடும். "அப்புறம் அவன் போயிட்டான்," என்பார். ஏன் என்று அவள் கேட்பதில்லை. கேட்டால், அவர் தானே யோசிக்க ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

அவள் திரும்பி வருகிற நாட்களில் அண்ணன் போன் செய்கிறான். முன்பெல்லாம் அவன் செய்ததே இல்லை.

"இன்னிக்கு என்ன சொன்னார்?"

தண்ணீர்த் தொட்டிக் கதையைச் சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "நானும் ஒரு தரம் வரட்டா?"

"நீ அச்சு அசல் அப்பா. அன்னிக்குக் கதவத் தொறந்த வயசுதான் உனக்கு இப்ப. பாத்தா, கதவச் சாத்துனது யாருன்னு பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிரும்."

"ஆமாமா," என்றான் அவன். "சரி. வேற என்ன சொன்னார், சொல்லு."

அவள் சொன்னாள்.