அடித்தல் திருத்தல்

"கண்ணாடியக் கழட்டிடவா, இருக்கட்டுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, தங்கை ஈரத்துணியால் அக்காவின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்க்கா. கண்ணாடி இல்லாட்டி எனக்கே அவள அடையாளம் தெரியாது."

விடிகிற நேரத்தில்தான் உயிர் போயிருந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்தவள். ஐம்பத்தொரு வயது. இருபத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பாள். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழாமல் போனால் போதும், பக்கம் அப்படியே திரும்பிப் போகும். அச்சகத்தில் அவளுக்குப் பெயரே புள்ளியக்காதான்.

அந்தப் புள்ளியக்காவைத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதலாளியின் தம்பி காகிதக் கிடங்குக்குள் கதவைச் சாத்திப் பலாத்காரம் செய்தான். தெருவில் நாலு பேர் "பாவம், கெட்டுப் போயிட்டா" என்று உச்சுக்கொட்டினார்கள். அவள் அதையும் திருத்தினாள். "நான் எங்கங்க கெட்டேன்? கெட்டவன் அவன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். நாலு வருஷம் கழித்து நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அவன் உள்ளே போனான். போன சுவடு தெரியாமல் வெளியேயும் வந்துவிட்டான். இவளுக்கு இழப்பீடு தரவேண்டும் என்று அதே தீர்ப்பில் ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரி அவளை அஞ்சு வருஷம் அலைய விட்டது. நிவாரண அலுவலகத்தில் முதல் நாள் ஒருத்தன் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "சம்பவத்தப்போ வயசு நாப்பத்திரெண்டா?" என்று பக்கத்து மேஜைக்காரனைப் பார்த்துச் சிரித்தான். நடந்ததை நின்றுகொண்டே சொல்லச் சொன்னார்கள். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். அதிகாரி மாறும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். மறுமாசமே வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்பதால் 'வாழ்க்கை பாதிக்கப்படவில்லை' என்று எழுதித் தொகையைப் பாதியாக வெட்டினார்கள். தூ! வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து அழுதிருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பார்கள் போலும்.

பாதிக்குக்கூட அவள் சரி என்றாள். ஆனால் வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தில், 'நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்திற்காக' என்று இருந்தது. பேனாவை எடுத்தாள். 'தாகச் சொல்லப்படும்' என்பதை மட்டும் ஒரே கோடாக அடித்தாள். 'நடந்த சம்பவத்திற்காக' என்று சுத்தமாக நின்றது. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

'அடித்தல் திருத்தல் உள்ள படிவம் ஏற்கப்படாது' என்ற முத்திரையோடு அது திரும்பி வந்தது. புதுப் படிவம் வாங்கினாள். திரும்பவும் அடித்தாள். பதினோரு தடவை போனது, பதினோரு தடவை வந்தது.

"ஒரு வார்த்தைதானேடி, விட்டுத் தொலையேன்" என்று தங்கையே ஒருநாள் கத்தியிருக்கிறாள். மருந்துக்கடையில் பகலெல்லாம் நின்று கால் வீங்கி வந்த எரிச்சல். அக்கா நிமிரக்கூட இல்லை. "கோர்ட்டே நடந்துச்சுன்னு சொல்லிடுச்சு. இவனுங்க யாருடி, சொல்லப்படும்னு சொல்றதுக்கு? தப்புன்னு தெரிஞ்சும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

ஒன்பது மணி வாக்கில் அந்த அலுவலகத்தின் குமாஸ்தா வந்து நின்றான். கையில் தோல் பை. தலையைக் குனிந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றான். இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தங்கை யோசிப்பதற்குள் அவள் கணவன் எழுந்து வந்து நாற்காலி போட்டான்.

"நான்தான் ஏழு மணிக்கு ஃபோன் பண்ணேன்" என்றான் அவள் காதருகில். "கத்தாத. ஆஸ்பத்திரிக் கடன் கழுத்த நெரிக்குது. சார் ஒரு வழி சொல்றார், கேளு."

குமாஸ்தா குரலைத் தாழ்த்தினான். "ஆள் போயிட்டா கோப்பு அப்படியே படுத்துடும்மா. அப்புறம் வாரிசு அது இதுன்னு நீங்க லோல்படணும். டாக்டர் சான்று வர இன்னும் நேரம் இருக்கே. அதுவரைக்கும் பேப்பர்ல அவங்க உயிரோடதான் இருக்காங்க. முந்தாநாள் தேதி போட்டுக்கலாம். கை நடுங்குது, கையெழுத்து வரலைன்னு நானே குறிச்சுக்கிறேன். ஒரு கைநாட்டு போதும். காலாண்டு முடியுது, என் மேஜைல பாக்கி இந்த ஒண்ணுதான்."

"படிவத்துல அந்த வார்த்தை இருக்கா?"

"எந்த வார்த்தை?"

"சொல்லப்படும்."

"அது அச்சடிச்சது மேடம். அதுல நாம என்ன பண்ண முடியும்?"

"அப்போ வேண்டாம். எந்திரிச்சுப் போங்க."

சொல்லிவிட்டு, அக்காவுக்கு உடுத்த நல்ல துணி எடுக்க உள்ளறைக்குப் போனாள். அலமாரியில் துணியைவிட அவள் பிழை திருத்திய மெய்ப்புத் தாள்கள்தான் அதிகம் இருந்தன. அவற்றை ஒதுக்கி, இஸ்திரி மடிப்புக் கலையாத ஒன்றைத் தேடி எடுக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரியைக் காணோம். குமாஸ்தா அக்காவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவள் கணவன் பிணத்தின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். கட்டைவிரல் நீலமாக இருந்தது. தொடையில் வைத்த பையின் மேல் படிவம். மை பரவாமல் இருக்க குமாஸ்தா குனிந்து அதை ஊதிக்கொண்டிருந்தான்.

ஒரு வார்த்தைக்காக அஞ்சு வருஷம் மல்லுக்கட்டியவளைச் செத்த பிறகு கைநாட்டாக்கிவிட்டார்கள். அதிலும் பிடித்திருந்த கை தன் வீட்டுக்காரனுடையது. கேட்காமல் அவள்மேல் கைவைத்தவன் உள்ளே போய்விட்டு வந்தான், இவர்களை எங்கே அனுப்புவது?

"ஒரு நிமிஷ வேலை, முடிஞ்சுடுச்சு" என்றான் கணவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தங்கை கையிலிருந்த துணியைக் கட்டிலில் வைத்தாள். குமாஸ்தாவின் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவினாள். அவன் "மேடம், மேடம்" என்று தடுப்பதற்குள் படிவத்தின் நடுவில் அந்த வார்த்தையின் மேல் கோடு போட்டாள். வேகத்தில் தாள் கிழிந்தது.

"அடித்தல் திருத்தல் இருக்கு. செல்லாதுல்ல?"

குமாஸ்தாவுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. "தெரியும்மா. இந்த வீட்டுக்கு வர்றோம்னு நாலு காப்பி எடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றபடி பையிலிருந்து அடுத்த படிவத்தை எடுத்து விரித்தான். மைப்பெட்டியை அவள் கணவன் பக்கம் நகர்த்தினான்.

அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். கணவன் கையைத் தட்டிவிட்டாள். அக்காவின் கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து இறுக மூடிக்கொண்டாள். விரல் விறைத்துச் சில்லென்றிருந்தது.

"பைத்தியமாடி நீ? கடன யாரு அடைப்பா?"

"நான் அடைக்கிறேன். இவமேல இனி ஒருத்தன் கைவைக்கக் கூடாது."

அவன் கெஞ்சினான், பிறகு அதட்டினான். அவள் கையைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. குமாஸ்தா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான்.

மயான வண்டி வந்தது. தூக்க வந்தவர்கள், "கைய விடுங்கம்மா, தூக்கணும்" என்றார்கள்.

"இப்படியே தூக்குங்க."

தூக்கினார்கள். அவள் பக்கவாட்டில் நடந்து, வாசல் நிலையில் இடுப்பை இடித்துக்கொண்டு கூடவே போனாள். வண்டிக்குள் ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவன் படியில் கால் வைக்கப் போனவன், அவள் பார்த்த பார்வையில் காலை எடுத்துக்கொண்டான்.

அவனை விலக்கிக்கொண்டு குமாஸ்தா வேகவேகமாக வந்து எட்டிப் பார்த்தான்.

"மேடம்... என் பேனா."

இன்னொரு கையில் அது இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கதவச் சாத்துங்க" என்றாள் டிரைவரிடம்.