எந்த அம்மை?

கட்டிங் மாஸ்டர் கழுத்துப் பட்டன் வரை சட்டையைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றபோதே எனக்குப் பொறி தட்டியது. அடிக்கிற வெயிலில் மேல் பட்டனைத் திறந்துவிட்டு விசிறிக்கு நேராக நிற்கிற மனிதர் அவர். லீவு போட்டுவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். "காய்ச்சலா மாஸ்டர்?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா, சொந்த வேலை" என்று மேஜை மேல் கிடந்த துணியிடம் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

எங்களுடையது பள்ளிச் சீருடை தைக்கிற கடை. உள்ளே இருப்பது நான், மாஸ்டர், என் தம்பி மனைவி, அவ்வளவுதான். தம்பி வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பான். அவன் மனைவியைச் சிட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவள். இப்போது ஆறாம் மாதம் என்பதால் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் போதும் என்று பிடித்து உட்கார வைத்திருந்தேன். ஏற்கெனவே இரண்டு முறை கரு நிற்காமல் போய், இப்போதுதான் தங்கியிருக்கிறது. அவள் தும்மினால்கூட நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

பள்ளிக்கூடங்களில் அம்மை பரவிக்கொண்டிருந்த நேரம் அது. அளவு கொடுக்க வருகிற பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி, முகத்தையும் கையையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். "துணி தைக்க வந்தாங்களா, ஜெயில்ல ஆள் பார்க்க வந்தாங்களா?" என்று தம்பி கிண்டலடித்தான். அடிக்கட்டும்.

சிட்டுவும் சிரித்தாள். "எனக்குத்தான் சின்ன வயசுலயே அம்மை வந்துடுச்சே அண்ணி. ஒருதடவை வந்தா மறுபடி வராதுல்ல?"

"எந்த அம்மை?"

"அம்மைன்னா அம்மைதான். இதுல என்ன எந்த, கிந்தன்னு?"

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அவள் அம்மாவுக்கே போன் போட்டேன். நீர் கோத்த கொப்புளமா, வெறும் தடிப்பா, கண் எரிந்ததா, இருமல் இருந்ததா என்று குடைந்து எடுத்தேன். அந்த அம்மாள் யோசித்து யோசித்துச் சொன்னார். கொப்புளமே இல்லையாம். உடம்பெல்லாம் சிவந்து போய், கண் கூசி, ஓயாத இருமலாம். தட்டம்மை! சின்னம்மை அவள் பக்கமே வந்ததில்லை. இரண்டையும் அம்மை அம்மை என்று ஒரே வாயால் சொல்லிப் பழகிவிட்டோம். ஒன்று வந்ததை வைத்து இன்னொன்றும் வராது என்று இந்தப் பெண் நிம்மதியாக இருந்திருக்கிறாள். என் சந்தேகப் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

எனக்கும் தம்பிக்கும் சின்ன வயதில் ஒரே சமயத்தில் சின்னம்மை போட்டு இறங்கிவிட்டது. ஆகவே எங்கள் இருவரால் அவளுக்கு ஆபத்தில்லை. மிச்சம் இருந்தவர் மாஸ்டர்தான்.

அவருடைய மேஜையை வேறு மூலைக்கு நகர்த்தினேன். தண்ணீருக்குத் தனி டம்ளர் வைத்தேன். அவர் வெட்டிய துணியைச் சிட்டு கையால் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். "வேர்த்து ஊத்துதே, காலரைத் தளர்த்திக்குங்களேன்" என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன். "பழகிடுச்சும்மா" என்றார். அவர் குனிந்தபோது காலருக்கு மேலே செக்கச்செவேல் என்று எதுவோ தெரிந்தது. அன்று முழுவதும் எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

என் சொந்தப் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் லீவு போடுவதற்கு முன்பே எனக்கு முதுகில் அக்கி வந்து ஒரு பாடு படுத்திவிட்டிருந்தது. இடது பக்கமாகப் பட்டையாகக் கொப்புளம். மிளகாயை அரைத்து அப்பியது போல் எரிச்சல். மருந்துக் கடையில் முதுகைத் திருப்பிக் காட்டவா முடியும்? வாயால் சொல்லி ஒரு லோஷன் வாங்கி வந்தேன். அங்கே கை எட்டாது. சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சிட்டுதான் பஞ்சில் தொட்டுத் தடவிவிடுவாள். வலிக்காமல் தொட அவளுக்குத் தெரியும்.

"உங்க தம்பிகிட்ட சொல்லிடலாமே அண்ணி."

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவான். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துல மெஷின்ல யாரு உக்கார்றது? இது சூட்டுல வர்றது, தானா அடங்கிடும். வாயைத் திறக்காதே."

அவளும் திறக்கவில்லை. அக்கியும் காய்ந்து உதிர்ந்தது. நான் அதை மறந்தே போனேன்.

மாஸ்டர் காலரைப் பூட்டிக்கொண்டு வந்ததற்கு அடுத்த வாரம், ஒருநாள் காலையில் நான் கடையில் இருந்தபோது வீட்டிலிருந்து தம்பி போன் செய்தான். சிட்டுவுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம், வயிற்றிலும் மார்பிலும் கொப்புளமாம். போனை வைத்த கையோடு மாஸ்டர் மேஜைக்குப் போனேன்.

"கழட்டுங்க பட்டனை."

"என்னம்மா இது?"

"பிள்ளைத்தாச்சி இருக்கிற இடத்துக்கு அம்மையை மறைச்சுக்கிட்டு வந்திருக்கீங்களே, நீங்களும் ஒரு மனுஷனா? கழட்டுங்க!"

காலரை விலக்கிக் காட்டினார். கழுத்தைச் சுற்றியும் காதுக்குப் பின்னாலும் தோல் சிவந்து உரிந்திருந்தது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை.

"தலைக்கு டை அடிச்சேம்மா. ஒத்துக்கல. இந்த வயசுல இவனுக்கு என்ன மினுக்கல்னு நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்களேன்னுதான்..."

அப்போதுதான் அவர் தலையைப் பார்த்தேன். கரிக்கட்டைக் கருப்பு. அத்தனை நாள் கழுத்தையே துப்புத் துலக்கிக்கொண்டிருந்தவள் அதற்கு மேலே ஒரு சாண் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. எதற்கும் டாக்டர் சொல்லட்டும் என்று கிளம்பினேன்.

கிளினிக்கில் எங்களைப் பின்வாசல் வழியாகத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்தார். குழந்தையின் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"சின்னம்மைதான். சீக்கிரமே வந்துட்டீங்க, நல்லது. மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம். இருமலோ மூச்சு வாங்கறதோ இருந்தா உடனே வரணும். குழந்தை துடிப்பு நல்லா இருக்கு. ஸ்கேன்ல தொடர்ந்து பார்த்துக்குவோம்."

"எங்க கடையில ஒருத்தருக்குப் போன வாரம் கழுத்துல சிவப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"போன வாரம்னா அவர்கிட்ட இருந்து இல்லம்மா. இது உடம்புக்குள்ள போனதும் வெளிய தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும். அப்ப யார்கூட நெருக்கமா இருந்தாங்க? வீட்டுல யாருக்காவது அம்மை இருந்துச்சா? இல்ல, அக்கி?"

"அக்கியா? அது சூட்டுல வர்றது இல்லையா?"

"ரெண்டும் ஒரே கிருமிதான். சின்னம்மை இறங்கினாலும் கிருமி உடம்பை விட்டுப் போறதில்ல, நரம்புக்குள்ள படுத்துக்கும். வெளிய இருந்து மறுபடி அம்மை தொத்தறது ரொம்ப அபூர்வம். ஆனா எதிர்ப்பு சக்தி குறையறப்ப உள்ள இருக்கறதே அக்கியா எழும்பும். அந்தக் கொப்புளத் தண்ணி, முன்ன சின்னம்மை வராதவங்க மேல பட்டா அவங்களுக்கு அம்மையாவே வந்துடும்."

சிட்டு என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள். "இல்ல டாக்டர். யாருக்கும் எதுவும் இல்ல."

பொய் சொல்கிறவர்களை மோப்பம் பிடிப்பதே என் தொழில் என்று நினைத்திருந்தேன். என்னைக் காப்பாற்ற ஒருத்தி பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன். "அப்ப கடைக்கு வந்த பசங்ககிட்ட இருந்துதான் இருக்கும்" என்றான் தம்பி. நான் பேசாமல் இருந்திருக்கலாம். பழியை ஊர்ப் பிள்ளைகள் சுமந்திருப்பார்கள்.

"இருந்துச்சு டாக்டர். எனக்கு. முதுகுல. இவதான் மருந்து தடவிவிட்டா."

தம்பி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். இன்னும் எதை மறைத்து வைத்திருக்கிறாள் என்று தேடுகிற பார்வை. மாஸ்டரின் காலரை நான் பார்த்த பார்வை அது. "உன்கிட்ட இருந்தா அக்கா?" என்று மட்டும் கேட்டான். எந்த அம்மை என்று ஊரெல்லாம் விசாரித்தவள், அக்கி என்றால் என்ன என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்த அறையிலேயே செத்துப் போகலாம் போல் இருந்தது.

மூவரும் வீடு திரும்பியதும் மாஸ்டருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். "மேஜையைப் பழைய இடத்துலயே போட்டுக்குங்க மாஸ்டர்" என்றேன். "காலரைத் திறந்துக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

சின்னம்மை வந்து போனவர்கள் மட்டும் சிட்டு அருகே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப் பார்த்தால் நான் போகலாம். கதவருகே போனபோது தம்பி குறுக்கே கை வைத்தான்.

"நீ வேண்டாம்க்கா. நானே பார்த்துக்கறேன்."

சமையலறைச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். உள்ளே இருந்து அவள் முனகல் கேட்டது. அப்புறம் குரல் வந்தது.

"அண்ணி, இவருக்குப் பஞ்சைப் பிடிக்கவே தெரியல. எரியுது. நீங்க வாங்க."

தம்பி கையை எடுத்தான். நான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். சிட்டு முதுகைத் திருப்பிக் காட்டினாள். பஞ்சை நனைத்து, அவள் எனக்குத் தொட்டது போலவே, விட்டுவிட்டுத் தொட்டேன்.

"எனக்கு இனிமே வராதுல்ல அண்ணி?"

"அம்மை வராது. அக்கி என்னைக்காவது வரலாம். வந்தா மறைக்காதே."

"சரி. நீங்களும் இனிமே என்னை மறைக்கச் சொல்லாதீங்க."

லோஷன் மூடியைக் கை தவறிக் கீழே விட்டேன். கதவோரம் நின்றிருந்த தம்பி குனிந்து எடுத்து, என்னிடம் நீட்டினான்.